கறிவேப்பிலைக் கன்றில் ஒரு புழு: வீட்டில் பட்டாம்பூச்சி வளர்ப்பது எதற்கு?

புதிதாகத் துளிர்விட்ட கறிவேப்பிலைக் கன்றை உற்றுப் பார்த்தால், இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதோ கிடக்கும். கறுப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரம் காயாத பளபளப்பு. விரலால் தட்டிவிடப் போனால் அந்த எச்சம் தலையைத் தூக்கும். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே புளித்த வாடையும் வரும். காவிரிப் படுகையில் கொல்லை உள்ள வீடுகளில் மழைக்குப் பிந்திய மாதங்களில் இதைத் தேடி அலைய வேண்டாம், கண்ணில் படும். பார்த்ததும் பெரியவர்கள் செய்வது கிளையோடு ஒடித்துத் தெருவில் போடுவது. சில வீடுகளில் மட்டும் பிள்ளைகள் அதை டப்பாவில் போட்டு, இலை கொடுத்து வளர்த்து, இறக்கை முளைத்ததும் பறக்கவிடுகிறார்கள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் அது எதற்கு நல்லது என்பதில்தான் குழப்பம். பட்டாம்பூச்சி இனத்தையே காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்தால் கணக்கு இடிக்கும். முட்டையிலிருந்து இறக்கை வரை ஒரு உயிரின் முழு வாழ்க்கையையும் பிள்ளைக்குக் கிட்டத்தில் காட்ட நினைத்தால், அதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் புழு யார் என்று பார்ப்போம். கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை, வில்வம் எல்லாமே ஒரே குடும்பத்துச் செடிகள். இவற்றில் முட்டையிட முக்கியமாக இரண்டு இனங்கள் வரும். கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் நிறைந்து, வாலில்லாமல் இருப்பது எலுமிச்சை அழகி. கறுப்பு இறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசையும் பின்னால் சின்ன வாலுமாக இருப்பது கறிவேப்பிலை அழகி. பெயர் அப்படி இருந்தாலும் இரண்டும் இரண்டு செடியிலும் வரும்.

தாய்ப் பட்டாம்பூச்சி முட்டையிடுவதைப் பார்ப்பதே தனி வேடிக்கை. பூவில் உட்காருவது போல நிதானமாக உட்காராது. துளிரைச் சுற்றிப் படபடத்தபடி முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். அந்தக் கால்களில் சுவை அறியும் உறுப்புகள் இருப்பதால், சரியான இலைதானா என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்துவிடும். பிறகு வயிற்று நுனியை வளைத்து ஒற்றை முட்டை, அடுத்த துளிருக்குப் போய் இன்னொன்று. முட்டை கடுகளவுகூட இருக்காது, வெளிர்மஞ்சள் நிறம். நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிந்த புழுவுக்கு முதல் சாப்பாடு அது வெளிவந்த முட்டை ஓடுதான்.

புழு நான்கு முறை தோலுரிக்கும். நான்காவது தோலுரிப்பு வரைக்கும் எச்ச வேஷம்தான், பறவை ஏமாந்து போகட்டும் என்று. நான்காவது முறை உரித்ததும் வேஷம் மாறி, பச்சை நிறத்தில், தோள்பட்டைப் பக்கம் கண் வரைந்தது போன்ற குறிகளுடன் இருக்கும். இரவில் தூங்கப் போன பிள்ளை காலையில் எழுந்து, "அம்மா, நம்ம புழுவைக் காணோம், வேற யாரோ வந்திருக்காங்க" என்று கத்துவது இந்தக் கட்டத்தில்தான். அது தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை இந்தப் பச்சைப் பருவத்தில்தான் தின்கிறது. இரண்டு மூன்று புழுக்கள் இருந்தால் சின்னக் கன்றை மொட்டையாக்கிவிடும். டப்பாவில் வைத்தவர்கள் இலைக்கு அலைய வேண்டிய நேரமும் இதுதான். சாம்பாருக்கு வாங்கின கடைக் கறிவேப்பிலையை எடுத்துப் போடுகிற தப்பும் அப்போதுதான் நடக்கும். வியாபாரத்துக்குப் பயிரிடும் கறிவேப்பிலைக்கு இதே புழுவைக் கொல்லத்தான் மருந்து அடிக்கிறார்கள். கழுவினாலும் மிச்சம் இருக்கும். நாம் தின்று ஒன்றும் ஆகாத அளவு, அரை விரல் நீளப் புழுவுக்கு எமன். வீட்டுச் செடி இலை போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள், அல்லது புழுவைச் செடியிலேயே விட்டு, மெல்லிய கொசுவலைத் துணியால் கிளையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். டப்பாவைத் துடைக்கிற வேலை மிச்சம்.

இரண்டு வாரம் தின்று முடித்த புழு ஒருநாள் சாப்பாட்டை நிறுத்தும். அதுவரை உருண்டை உருண்டையாகப் போட்ட எச்சம் அன்றைக்குத் தண்ணீராகப் போகும். நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், கூடு கட்டப் போகிறது என்று அர்த்தம். அப்புறம் இடம் தேடி ஓடும். டப்பாவில் ஒரு குச்சியைச் சாய்த்து வைத்திருந்தால் அதில் ஏறி, வாயிலிருந்து வரும் பட்டு நூலால் கால்பக்கம் ஒரு மெத்தை போடும். பிறகு முதுகைச் சுற்றி ஒரு நூல் வளையம். தென்னை ஏறுபவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்வது போல, அந்த வளையத்தில் சாய்ந்து ஒருநாள் அசையாமல் கிடந்து, கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். பச்சைக் கிளையில் கட்டினால் பெரும்பாலும் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் கட்டினால் பழுப்பு. கூட்டின் நிறத்தை இடம்தான் தீர்மானிக்கிறது. பிள்ளைகளோடு செய்து பார்க்கச் சுலபமான சோதனை இது: இரண்டு புழு, இரண்டு குச்சி, அவ்வளவுதான்.

எட்டு முதல் பத்து நாளில் கூட்டின் தோல் கண்ணாடி மாதிரி மெலிந்து, உள்ளே இறக்கையின் கறுப்பும் மஞ்சளும் தெரியும். அநேகமாக மறுநாள் காலையில் வெளியே வந்துவிடும். வந்ததும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். தடித்த உடல், கசங்கிப் போன ஈர இறக்கை. உடலில் இருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் அழுத்தி அனுப்ப அனுப்ப, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கை விரியும். வயிற்றிலிருந்து நிறமான நீர் சொட்டும். ரத்தம் என்று பிள்ளை பயந்து அழும். அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு, அவ்வளவுதான். விரிந்த இறக்கை காய்ந்து விறைக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் ஆர்வத்தில் கையில் எடுத்தால் வாழ்நாள் முழுக்கக் கோணல் இறக்கைதான்.

இதில் இன்னொரு வியப்பு உண்டு. கறிவேப்பிலை அழகியின் ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பெண்கள் அப்படி இல்லை. ஒரே தாயின் முட்டைகளில் ஒரு பெண் ஆணைப் போலவே வரும், இன்னொன்று இறக்கையில் சிவப்புத் திட்டுகளோடு வேறு இனம் போல வரும். சிவப்புத் திட்டு உள்ளவை ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற நச்சுச் செடிகளைத் தின்று வளரும் வேறு பட்டாம்பூச்சிகளைப் போல வேஷம் கட்டியவை. அந்த நச்சுப் பூச்சிகளைப் பறவைகள் தொடாது, வேஷக்காரியும் தப்பித்துக்கொள்வாள். அசலையும் நகலையும் பிரிக்கச் சுலபமான அடையாளம் உடல்தான். நச்சு இனங்களுக்கு உடலும் சிவப்பு, நம் கறிவேப்பிலைக்காரிக்கு உடல் கறுப்பு. இந்த வேஷத்தை முடிவு செய்வது 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணு என்று 2014-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே. உலக அளவில் பேசப்பட்ட அந்த ஆய்வின் கதாநாயகி நம் கொல்லையில் ரசத்துக்குக் கிள்ளும் செடியில்தான் வளர்கிறாள்.

அந்தச் செடிக்கும் படுகைக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. கறிவேப்பிலையின் தாவரவியல் பெயர் முர்ராயா கோனிகியை. அதில் வரும் கோனிக், தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். 1768-இல் டேனிஷ்காரர்களின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். செடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். டென்மார்க்கின் ஃபாப்ரீசியுஸ் அவற்றைப் பார்த்துப் புது இனங்களுக்குப் பெயர் வைத்தார். கறையான்களைப் பற்றி முறையாக ஆராய்ந்து எழுதிய முன்னோடிகளில் கோனிக்கும் ஒருவர். பூச்சியைக் கூர்ந்து பார்க்கும் வேலை படுகைக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கறிவேப்பிலை தவிர வேறென்ன? வாய்க்கால் மேட்டு எருக்கில் வெந்தய வரியனின் புழு இருக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளுடன், முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒளிந்துகொள்ளவே ஒளியாது. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் அதற்கு ஒளிய வேண்டிய அவசியமும் இல்லை. அரளியில் தொங்கும் இன்னொரு கறுப்பு இனத்தின் கூடு வெள்ளிப் பாத்திரம் போல முகம் தெரியப் பளபளக்கும். அதைப் பார்த்த பிள்ளை மறக்காது. நெட்டிலிங்கம், ஆமணக்கு, கொன்றை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எருக்கும் அரளியும் வேண்டாம் என்பேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளி இலை வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் போதும். முருங்கையில் கூட்டமாக மொய்க்கும் கம்பளிப்பூச்சியைத் தொடவே விடாதீர்கள். அது அந்துப்பூச்சியின் புழு, அந்த ரோமம் பட்டால் தடித்து அரிக்கும்.

வைக்கும் இடம்தான் படுகை வீடுகளில் பெரிய பிரச்சினை. சாயங்காலமானால் கொசு, கொசுவுக்குக் கொசுவர்த்தி. அதில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான். மூடிய அறையில் கொசுவர்த்தியோ, பிளக்கில் மாட்டும் மருந்தோ இருந்தால் புழு தின்பதை நிறுத்தும், பச்சையாகக் கக்கும், துடித்துச் சாகும். அதனால் தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். தாழ்வாரத்தில் எறும்பும் பல்லியும். எறும்புக்குப் பழைய வைத்தியமே போதும், மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். சாப்பாட்டை மூடும் வலைக்கூடையைக் கவிழ்த்தால் பல்லிக்குத் தடை, காற்றும் வரும். இலையை நனைக்காமல் கொடுங்கள், எச்சத்தை அன்றாடம் தட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் ஈர டப்பாவில் புழு கறுத்து, தளர்ந்து, தலைகீழாகத் தொங்கிச் செத்தால் அது நோய். அதைத் தூர எறிந்து டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஒரு டப்பாவுக்கு இரண்டு மூன்று புழுவுக்கு மேல் வேண்டாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் வீடுகளில் அதிகம் அழுகையை வரவழைக்கும் விஷயம். கூடு நல்லபடியாகக் கட்டிவிட்டது, பத்து நாள் ஆயிற்று, பன்னிரண்டு நாள் ஆயிற்று, பட்டாம்பூச்சி வரவில்லை. கூட்டின் நிறம் மங்குகிறது. ஒருநாள் அதில் ஊசி குத்தியது போல ஓட்டை தெரியும். அதன் வழியே கொசுவைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வரும், டஜன் கணக்கில். புழு கூடு கட்டத் தயாராகும்போதே இந்தக் குளவி பக்கத்தில் வந்து காத்திருக்கும். தோலுரித்துக் கூடு மென்மையாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் உள்ளே முட்டையிட்டுவிடும். அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும்.

பிள்ளை கேட்கும், அந்தக் குளவி கெட்டதா என்று. படுகையில் இதற்குப் பதில் வீட்டு வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நெல்லில் இலைச்சுருட்டுப்புழுவும் தண்டுத் துளைப்பானும் வந்தால், மருந்துக்குப் பதிலாக வயலில் கட்டச் சொல்லி வேளாண்மைத் துறை பரிந்துரைக்கும் அட்டை ஒன்று உண்டு. டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணி அட்டை. அரிசியில் வரும் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றுக்குள் இந்த நுண்குளவியை வளர்த்து, முட்டையின் அளவை சி.சி. (கன சென்டிமீட்டர்) கணக்கில் அளந்து விவசாயிக்குத் தருவார்கள். இலையின் அடிப்பக்கம் அட்டையைப் பொருத்தினால் குளவிகள் பொரிந்து பரவி, பயிரை அழிக்கும் அந்துப்பூச்சிகளின் முட்டைகளைத் தேடி அழிக்கும். அதே வகைக் குளவி நம் எலுமிச்சைச் செடியிலுள்ள முட்டையையும் விடாது. அப்பா காசு கொடுத்து வாங்கி வயலில் கட்டுவதும், மகள் கொல்லையில் திட்டித் தீர்ப்பதும் ஒரே கூட்டத்துப் பூச்சிகளை. நெல்லுக்கு இந்தப் பக்கம் சாதகம், பட்டாம்பூச்சிக்கு அந்தப் பக்கம் பாதகம், குளவிக்கு இரண்டும் ஒன்றுதான். குளவி வெளிவந்த கூட்டை மறைத்துவிட்டு, "பட்டாம்பூச்சி ராத்திரியே பறந்துடுச்சு" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளவி வரும் அரை மணி நேரம் பட்டாம்பூச்சி வரும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இப்போது அந்த இடிக்கிற கணக்கு. ஒரு தாய் நூறு முட்டையிடுவதாக வைத்துக்கொள்வோம். இனம் கூடாமல் குறையாமல் இருக்க, அந்த நூறில் இரண்டு பறந்தால் போதும். மிச்சமெல்லாம் குளவிக்கும் எறும்புக்கும் சிலந்திக்கும் கரிச்சானுக்கும் சாப்பாடு. நாம் டப்பாவில் பத்தைக் காப்பாற்றிப் பறக்கவிட்டால் ஊரில் எட்டு கூடுமா? அந்த எட்டும் முட்டையிட இலை வேண்டுமே. தெருவில் இருக்கிற நாலு எலுமிச்சைச் செடிதான் எத்தனை புழுவுக்குச் சோறு போட முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. பூச்சியின் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது அநேகமாக நம் டப்பா இல்லை, கொல்லையில் எஞ்சியிருக்கும் இலை.

வெளிநாடுகளில் இந்தப் பழக்கம் பெரிய வியாபாரமாகி, பண்ணையில் வளர்த்துக் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பெட்டியில் அனுப்புகிறார்கள். அங்கே எழுந்த கேள்விகள் நமக்கும் பயன்படும். வட அமெரிக்காவின் மொனார்க் பட்டாம்பூச்சி இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கி மெக்சிகோ வரை போகும். பண்ணையில் வளர்ந்தவற்றுக்கும், வீட்டுக்குள் வைத்து வளர்த்தவற்றுக்கும் அந்தத் திசையறிவு சரியாக இல்லை என்று 2019-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியே விட்ட பிறகு திசையை மீட்டுக்கொள்கின்றன என்று 2021-இல் கனடா ஆய்வு ஒன்று வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. நம் எலுமிச்சை அழகி அப்படி வலசை போவதில்லை என்பதால் அந்தக் கவலை இங்கே குறைவு. கூட்டமாக அடைத்து வளர்ப்பதில் நோய் பரவி, அதை அப்படியே வெளியில் விடும் ஆபத்து எல்லா ஊருக்கும் பொது. பெட்டியில் வாங்கி வேறு ஊரில் விடுவது இன்னும் மோசம். 2004-இல் கரீபியன் கடலின் டொமினிக்கன் குடியரசில் நம் எலுமிச்சை அழகி திடீரென்று தென்பட்டது. பிறகு பக்கத்துத் தீவுகளுக்கும் பரவி, அங்கே எலுமிச்சை வகைப் பயிருக்குத் தொல்லையாக நிற்கிறது. இங்கே கொல்லைக்கு அழகாக இருப்பது அங்கே பீடை.

ஆகவே எடுத்த செடிக்குப் பக்கத்திலேயே விடுங்கள், அது போதும். மழையில்லாத நாளில், வெயில் ஏறின காலை நேரத்தில், இறக்கை காய்ந்த பிறகு. தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், அன்றே விட்டால் தானே பூவைத் தேடிக்கொள்ளும். உடல் சிவந்த நச்சு இனங்களை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அவற்றில் ஒன்று 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்டன.

படுகையில் இதற்குத் தோதான காலம் மார்கழியும் தையும். வடகிழக்குப் பருவமழை முடிந்து எங்கும் துளிர், வெயிலும் கொல்லாது. முட்டையிலிருந்து இறக்கை வரை கிட்டத்தட்ட ஒரு மாதம் என்பதால், அரையாண்டு விடுமுறையில் முட்டை கிடைத்தால் பொங்கல் கழிந்து பறக்கும். சித்திரை வைகாசியில் முயன்றால் இலையும் இருக்காது, புழுவும் தாங்காது. ஊரில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. சுமார் 25 ஏக்கரில் உணவுச் செடிகளை நட்டு, பூச்சிகளைத் தானாக வரவைத்திருக்கிறார்கள். வளர்த்துவிடுவதைவிடச் செடி வைப்பது எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கே நேரில் காட்டலாம். 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை அங்கே தேடி ஏமாற வேண்டாம், அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன்.

வீட்டளவில் செய்யக்கூடியது சின்ன வேலைதான். கொல்லை முழுக்கச் சிமென்ட் போட்டுவிட்ட வீட்டிலும் தொட்டியில் ஒரு எலுமிச்சையோ நார்த்தையோ வளரும். பக்கத்தில் இட்லிப்பூச் செடி இருந்தால் தேனுக்கும் ஆயிற்று. வெளியேதான் கஷ்டம். ஆடுதின்னாப்பாளை வயல் பக்கம் முளைக்கும் களை என்பதால் களைக்கொல்லிக்கு முதலில் பலியாகும். ஆண் வெந்தய வரியன்களும் அரளியில் வளரும் கறுப்பன்களும் மொய்க்கும் தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும். பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய சரக்கை அந்தச் செடிகளின் வாடிய பாகங்களிலிருந்துதான் ஆண்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரும் இயந்திரம் வந்து, இரண்டு கரையையும் ஒரே வழியாகச் சுரண்டிக்கொண்டு போகும். தூர்வார வேண்டியதுதான், தண்ணீர் கடைமடை வரை போக வேண்டுமே. ஒரு கரையை மட்டுமாவது அந்த வருஷம் தொடாமல் விட்டால் செடி மறுபடி பரவிக்கொள்ளும். ஊராட்சிக் கூட்டத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.